இடது மூலையில் என் மச்சான்

இசை ஒரு தவம். அதற்காக எதையும் துறக்கத் துணிந்தவன் நான். முதலில் டிவி ஸ்டாண்டைத் துறந்தேன். ஸ்பீக்கர் வைக்க இடம் வேண்டியிருந்தது.

நகரியில் எங்கள் ஹால் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும். ஒருவர் பாடினால் சுவர்களும் சேர்ந்து பாடும். நான் முறையாகத்தான் செய்தேன். இரண்டு பெட்டிகளையும் சுவரை விட்டு நகர்த்தி, என் நாற்காலியோடு முக்கோணமாக நிறுத்தினேன். என் மனைவி அம்சவேணியை ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போகச் சொன்னேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, சத்தம் பட்டுத் திரும்புவது அங்கேதான். அந்த இடங்களில் நூல் பண்டல்களை அடுக்கினேன். பவர்லூம் வைத்திருப்பவன் வீட்டில் நூலுக்கென்ன பஞ்சம்.

"இது வூடா, குடோனா?" என்றாள் அம்சவேணி. கலையை நேசிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

மிச்சமிருந்தது இடது மூலை. தாளம் விழும்போதெல்லாம் காலி டிரம்மைக் குத்தியதுபோல அங்கே குமுறும். மெத்தையை நிறுத்தினேன், அரிசி மூட்டை வைத்தேன். அடங்கவில்லை. ஒருநாள் அம்சவேணியின் தம்பி சிட்டிபாபு சாப்பிட்டுவிட்டு அந்த மூலையில் போய்ச் சாய்ந்தான். நல்ல உடம்பு. குமுறல் நின்றுவிட்டது. சத்தத்தை வாங்கிக்கொள்வதில் அவனுக்கு இணையான பொருளை நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அது அவன் இடம். வேளை தவறாமல் போண்டா கொடுக்கச் சொன்னேன், இளைக்க விடவில்லை.

"மாமா, கொஞ்சம் நடந்துட்டு வர்ட்டா? காலு மரத்துப் போச்சி."

"பாட்டு முடியட்டும் சிட்டி."

அப்போதுதான் வடமாலபேட்டை சம்பந்தம் வந்தது. டயர் கடை நாகபூஷணத்தின் மகள் கன்னிகா. ஒரே பெண் என்பதால் மாப்பிள்ளை அங்கேயே இருந்து கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இருவருக்கும் பிடித்துவிட்டது. சிட்டிபாபு புதுச் சட்டை தைக்கக் கொடுத்தான். எனக்கு மூலை ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் யாரை விசாரித்தாலும், கடைசியில் அக்கா புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அதுதான் தீர்ப்பு. நாகபூஷணம் போன் செய்தார்.

"பையன் எப்படிப்பா ஜெயபிரகாஷ்?"

"தங்கமான பையன். இப்போ பரவால்ல. மாத்திரை ஒழுங்கா துன்றான்."

இதில் பொய் இல்லை. அவனுக்குச் சளி. என்ன மாத்திரை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் போனை வைத்துவிட்டார். இதற்கு முன் புத்தூரிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் வந்த சம்பந்தங்களும் இந்தச் சளியில்தான் நின்றன. ஆம், எல்லாவற்றையும் நிறுத்தியது நான்தான்.

சிட்டிபாபு தன் மூலையில் உட்கார்ந்து அழுதான். சத்தமில்லாத அழுகை, பாட்டுக்கு இடைஞ்சலாக இல்லை. பிறகு யாரோடும் பேச்சில்லை. அதுவும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

காரியத்தைக் கெடுத்தது கன்னிகாதான். அவனுக்கே போன் போட்டு, "இன்னா மாத்திரை துன்றீங்க?" என்று கேட்டுவிட்டாளாம். இது எனக்கு இன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

நான் விளக்கை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பேன். பாட்டு முடிந்ததும் அம்சவேணி விளக்கைப் போட்டாள்.

"சத்தம் எப்டிக்கீது?"

"இன்னிக்கிதான் சுத்தமா கீது. சிட்டி அசையாம உக்காந்துகினு கீறான்."

"கண்ணத் தொறந்து பாருங்க."

மூலை காலியாக இருந்தது. நான் தறிக்குப் போயிருந்தபோது நாகபூஷணம் காரோடு வந்து, கல்யாணம் வரைக்கும் பையன் இந்த வீட்டில் இருக்க வேண்டாம், கடை மாடியில் தங்கட்டும் என்று கூட்டிப் போய்விட்டாராம்.

அது நேற்றுக் காலை. நேற்றுச் சாயங்காலமும் நான் பாட்டுக் கேட்டேன்.