ஆளுக்குப் பதினாறு ஜிபி

பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸிலிருந்து வந்த போனை வைத்துவிட்டு மனைவி சொன்னார்:

“இல்லாத மெமரியக் குடுத்து வெச்சிருக்கோங்க. ஒரு கம்ப்யூட்டருக்குள்ள நாலு விர்ச்சுவல் மெஷின், நாலு தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடுது. இருக்கறதே முப்பத்திரெண்டு ஜிபிதான். ஆளுக்குப் பதினாறுனு சொல்லிட்டோம்.”

“அதெப்படி சொன்னீங்க?”

“நாலும் ஒரே நேரத்துல கேக்காதுனுதான். இன்னைக்குக் கேட்டுடுச்சு.”

“ப்ராசசரும் அப்படித்தானா?”

“அது பத்தலன்னா முறை வர்ற வரைக்கும் காத்துட்டு மெதுவா ஓடும், அவ்ளோதான். மெமரி பத்தலன்னா ஒண்ண நிறுத்தியே ஆகணும்.”

“எத நிறுத்துவாங்க?”

“பெரும்பாலும் ஜாஸ்தி புடிச்சுட்டிருக்கறதத்தான்.”

கணவர் மெல்ல ஆரம்பித்தார்:

“மலை சுத்த வர்ற மூணு குடும்பத்துக்கு நம்ம மாடி ரூமத் தர்றேன்னு சொல்லிட்டேன். யாராவது ஒருத்தர்தான் வருவாங்கன்னு நெனச்சேன். மூணு பேருமே கெளம்பிட்டாங்களாம்.”

“ஜாஸ்தி பேர் வர்றவங்கள வேணாம்னு சொல்லிடுங்க.”

“பதினோரு பேர், உங்க அம்மா வீட்லருந்துதான். நீயே போன் பண்ணிச் சொல்லிடு.”