பாவில் இல்லாத கரித்தூள்

“நாலெழுத்து படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சிருமா?” என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தெரியும் என்றேன்.

நேற்று நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு நெசவாளியும் அவர் மனைவியும் இருந்தார்கள். குலுக்கலில் ஆடாதபடி அவர் தலையை அவள் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

“தறியில வெள்ளைப் பாவு நூல்ல கரித்தூள் உழ உட்டேன்னு என்னத் திட்டுனீங்களே. அது உங்க கண்ணுக்குள்ள இருந்திருக்குதுங்க.”

“தப்புத்தான் புள்ள. இருட்டுல மின்னல் மாதிரி மின்னுனதையும் சொல்லாம உட்டுட்டேன்.”

“இப்ப எப்படி இருக்குது?”

“ஓரத்துல திரை தொங்குது. வலியே இல்ல, கோயில் நோம்பி கழிச்சுப் போயிருக்கலாம்.”

“திரை நடுவுக்கு வந்துட்டா பார்வை திரும்பாதுன்னு கம்பவுண்டர் சொன்னாருங்க. தருமாஸ்பத்திரிதானே, காசு கேக்க மாட்டாங்க.”

“கண்ணு போச்சுன்னா நீதான் நெய்யோணும்.”

“நெய்யறேன். குத்தம் சொல்றதுக்காவது நீங்க பாக்கோணுமில்லீங்க.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒரு கண்ணில் மின்னலடிக்கிறது என்று இரண்டு நாளாக என் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். தூங்கினால் சரியாகும் என்று நான்தான் சொன்னேன்.

வழியில் புதுச்சத்திரத்தில் இறங்கி, வீட்டிலிருந்து அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர, எதிரே வந்த நாமக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.