முப்பதாவது மீட்டர்

முந்நூற்று இருபது... இருநூற்றுத் தொண்ணூறு... இருநூற்று அறுபது...

ஹெட்போனைக் காதோடு அழுத்தியபடி, திரையில் இறங்கும் எண்களை சில்வியா படபடவென்று பதிவுசெய்துகொண்டிருந்தாள். யாரோ நடந்து வருகிறார்கள். அவள் இருக்கும் ஷெட்டை நோக்கி.

விடியற்காலை மூன்றே முக்கால். ஈ.சி.ஆரிலிருந்து பிரிந்து மரக்காணம் உப்பளத்துக்குள் போகிற மண் ரோடு. அந்த ஒரு ஷெட்டைத் தவிர வேறு விளக்கு கிடையாது. மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும் மார்கழியில் அளத்துக்குள் எவன் கால் வைப்பான்?

சில்வியா பக்கத்து ஊர்ப் பெண்தான். அனுமந்தைக்காரி. யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி வேலை. பூமிக்கடியில் போகும் கரண்ட் கேபிளோடு, தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழையையும் புதைத்திருந்தார்கள். மேலே யார் நடந்தாலும் இழை அதிரும்; அது ஹெட்போனில் கேட்கும். ஷெட்டிலிருந்து எத்தனையாவது மீட்டர் என்று திரை சொல்லிவிடும். அவளுடைய ஒரு வருஷ ஒப்பந்தம் அந்த வாரத்தோடு சரி. இந்த ஒரு ராத்திரி, வருகிற அலாரம் ஒவ்வொன்றுக்கும் இடமும் காரணமும் பிசகாமல் எழுதிக் கொடுத்தால் வேலை நீளும். ஒன்று தப்பினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நூறு... அறுபது... நாற்பது.

நாற்பதில் கொஞ்சம் தயங்கியது. பிறகு, முப்பது.

அங்கேயே நின்றுவிட்டது. இல்லை... நிற்கவில்லை. மிதிக்கிறது.

தப்... தப்... தப்... சர்ர்ர்.

மூன்று மிதி, ஒரு இழுப்பு. சில்வியாவுக்குப் பழகிய சத்தம். அவள் அம்மா சவரியம்மாள் இருபது வருஷம் அளத்தில் கூலிக்குப் போனவள். உப்பு விளைவதற்கு முன், பாத்தியின் களிமண் இறுகவேண்டும் என்று பெண்கள் வரிசையாக நின்று குதிகாலால் மிதிப்பார்கள். அந்த மிதி. ஆனால் அது தை பிறந்த பிறகு, பத்துப் பேர் சேர்ந்து செய்கிற வேலை.

இங்கே ஒரே ஒரு ஜோடிக் கால்.

கதவு சாத்தியிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அளத்துச் சேற்றின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. தன் செருப்பில் ஒட்டியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, டார்ச்சோடு வெளியே ஓடினாள்.

கேபிள் போகும் வழியில் பத்து மீட்டருக்கு ஒரு முளை அடித்திருந்தது. மூன்றாவது முளையில் நின்று டார்ச்சைச் சுழற்றினாள். ஆள் இல்லை. நாய்கூட இல்லை. ஈரமண்ணில் அவள் தடம் மட்டும்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். அவள் நடை பதிவாகியிருந்தது. முப்பதில் அல்ல... எழுபதில்.

முப்பதில் மிதி ஒரு நொடிகூட விடாமல் நடந்திருந்தது.

நாற்பது மீட்டர் பிசகு! முளைக்கு முளை தரையைத் தட்டி, திரையோடு ஒத்துப்பார்க்க வேண்டியது அவள் பொறுப்பு. சோதனை நாளன்று மழை என்று தட்டாமலே 'சரி' போட்டிருந்தாள். விடிந்தால் மாட்டிக்கொள்வாள். முப்பது என்பது உண்மையில் எந்த இடம்? கேபிள் பதித்த மேஸ்திரி பாவாடைக்குப் போன் போட்டாள்.

ஏழாவது ரிங்கில் எடுத்தார். கோழிகூட எழுந்திருக்கலையே, உங்க மெஷினுக்குத் தூக்கமே கிடையாதா என்று அலுத்துக்கொண்டார்.

"அண்ணே, கணக்குல நாப்பது மீட்டர் அதிகமா காட்டுது. எங்கண்ணே விட்டீங்க?"

"அதுவா... மிச்ச இழைம்மா. நாளைக்கு எங்கனா அறுந்துச்சின்னா ஒட்டறதுக்கு வேணும்ல? வெட்டாம சுருட்டி வெச்சிட்டேன். சொல்ல மறந்துட்டேன் போல."

ஒரு காதில் போன். மறு காதில் ஹெட்போன். தப்... தப்... தப்... சர்ர்ர். வாடை இப்போது தொண்டை வரை இறங்கியிருந்தது.

"எந்த எடத்துலண்ணே?"

கொட்டாவி விட்டுக்கொண்டே பாவாடை சொன்னார்.

"மொத நாப்பது மீட்டர் ஷெட்ட வுட்டு வெளியவே போவலம்மா. நீ உக்காந்திருக்கியே... அந்த மேசைக்கு அடியிலதான் கெடக்குது."