நான்சி யாரிடம் போவாள்

போதகர் ஐயா, காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். கேட்டதைச் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

தம்பி தேவானந்தம் சேலையூரில் குடியேறியது அறுபத்தெட்டில். அவன் மனைவி ஞானசௌந்தரி டீச்சர். பிரசவ லீவு முடிந்ததும், கல்யாணமாகாத என்னைக் குழந்தை நான்சியைப் பார்த்துக்கொள்ள அழைத்தார்கள். நாற்பத்தொரு வயதில் முதன்முதலாக ஒரு குழந்தை என் விரலைப் பிடித்தது. தலை கிறுகிறுத்துப் போனேன் ஐயா. பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஆடினேன். நான் தும்மினால் நான்சி கெக்கெக்கென்று சிரிப்பாள். அதற்காகவே மூக்குப்பொடி வாங்கிப் போட்டேன்.

ஆனால் சாயங்காலம் அம்மா வாசலில் கால் வைத்ததும் இடுப்பிலிருந்து துள்ளிப் பாய்வாள். பகலெல்லாம் சுமந்தவள் நான்.

குழந்தை முகத்தைவிட வாசனையைத்தான் நம்புகிறது என்று கண்டுகொண்டேன். ஞானசௌந்தரி பூசுவது ரோஜா வாசனைப் பவுடர். தாம்பரம் கடையில் அதே டப்பா வாங்கினேன். கைக்குட்டையில் தூவி, நான்சியின் மூக்கருகே பிடித்தபடி, நிலவேம்புக் கஷாயத்தை நாக்கில் விடுவேன். வீறிடுவாள். கைக்குட்டையை எறிந்துவிட்டு, மார்போடு அணைத்துத் தேன் தொட்டு வைப்பேன். தினம் இரண்டு வேளை. பதினைந்து நாளில் படிந்துவிட்டது.

பதினாறாம் நாள் அம்மா தூக்கியதும் அலறி, என்னிடம் தாவினாள். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞானசௌந்தரி டாக்டரிடம் காட்டினாள். உபவாசம் இருந்தாள். கூடவே இருந்தால் ஒட்டிக்கொள்வாள் என்று வேலையை விட்டாள். குளித்து, பவுடர் பூசி, ஆசையாகக் கை நீட்டுவாள்; குழந்தை வாந்தி எடுக்கும். ஒருநாள் என் மடியில் தலை வைத்து, "அண்ணி, நான் பெத்த பிள்ளைக்கு என்னைக் கண்டாலே ஆகலையே, ஏன்?" என்று கேட்டாள்.

"சில குழந்தைங்க அப்படித்தாம்மா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

குழந்தையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதி வைத்துவிட்டு, ஒரு காலையில் பிறந்தகம் போனாள். திரும்பவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளாம், சோறு இறங்கவில்லையாம்.

நேற்று தம்பி, என் அலமாரியில் நான் ஒளித்து வைத்திருந்த அந்தப் பவுடர் டப்பாவைத் திறந்திருக்கிறான். வாசனை பட்டதும் நான்சி கத்தினாள். அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை; உங்களை அனுப்பியிருக்கிறான்.

ஆமாம் ஐயா, செய்தது நான்தான். ஆனால் ஒன்று. இப்போது தூங்கி எழுவாள். யாரைத் தேடுகிறாள் என்று நீங்களே பாருங்கள். பாசத்தை ஒருவர் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியுமா? அது தானாக வருவது.