ரோட்டை வளைச்ச அடுப்பு

என்ன சம்பந்தி, மூஞ்சி சுருங்குது? கட்டிக்கிட்டு வந்த பொண்ணை வெயில்ல நிறுத்தி, ரோட்டோரம் கல்லு அடுக்கச் சொல்றாகளேன்னுதானே? இப்படி நிழலுக்கு வாங்க, சொல்றேன். நடுவுல எவனும் போனை நோண்டக் கூடாது. எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துல, இதே நெடுங்கரிசல் ஊர்ல, முப்பிடாதின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க அம்மையப் பெத்தவ. நான் பாத்ததில்ல. அம்மை சொல்லி, ஊரு சொல்லிக் கேட்டதுதான்.

அந்த வருசம் பருத்தி விலை விழுந்துச்சாம். விழுந்துச்சுன்னா அப்படி ஒரு விழுகை! உலகம் பூராவும் யாவாரம் படுத்துப்போச்சாம். எங்கேயோ சீமையில மில்லை மூடுறான், இங்க நம்ம வீட்டுல கஞ்சி இல்ல. பருத்தி வீடு முட்டக் கெடக்கு, வாங்க நாதியில்ல. பருத்திய அவிச்சுத் திங்க முடியுமா? கத்தாழைக் குருத்தைத் தின்னாகளாம். தின்னவுக பாதிப் பேரு வயித்தால போயே செத்தாகளாம்.

அப்பத்தான் சர்க்கார் ஒரு திட்டம் போட்டுச்சு. ரோடு போடுறோம், கல்லுடைக்க வாங்க, கூலிக்குக் கம்பு தாறோம்னு தண்டோரா. நல்ல திட்டந்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் வேலை. வீடுன்னா எது? ஒரு அடுப்பு எரிஞ்சா அது ஒரு வீடு. அதான் சட்டம்.

கணக்கெடுக்க ஒரு குமாஸ்தா வந்தாரு. முப்பிடாதி தாலியறுத்தவ. ஒரு பொட்டப்பிள்ளை, ஒரு கைக்குழந்தை. புருசனோட அண்ணன் பலவேசம் வீட்டுல இருந்தா.

"எத்தனை அடுப்புய்யா?"

மீசையை முறுக்குனாராம் பலவேசம். "எங்க வீட்டுல என்னைக்கும் ஒரே அடுப்புத்தான். தம்பி செத்தும் நாங்க பிரியல!"

பெருமை! வீம்பு! அடுத்த வீட்டுக்காரன் வெவரமா, அண்ணன் தம்பிக்குத் தனித்தனி அடுப்புன்னு சொல்லி வேலையை வாங்கிட்டான். இங்க வீடு நெறைய வயிறு, ஒத்தை ஆளு கூலி. கடைசியில முப்பிடாதி கைக்குழந்தை பாலில்லாம மடியிலயே அடங்கிப்போச்சு.

புதைச்சிட்டு வந்து கேட்டாளாம். "பெரியத்தான், எனக்குத் தனி அடுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மகளாவது பொழைக்கட்டும்."

"ஊரு சிரிக்கும் தாயி. தம்பி பொண்டாட்டியப் பிரிச்சு விட்டுட்டான்னு காறித் துப்பும்."

"ஊரு சிரிச்சா யாரும் சாக மாட்டாக, பெரியத்தான்."

அவரு சம்மட்டியத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு.

இவ நேரா கங்காணிகிட்டப் போனா. வேலை வாங்குற அந்தப் பய சிரிச்சான். "உனக்கு ஏதுடி அடுப்பு? ஆம்பள வந்து சொல்லட்டும்."

அப்படியா சேதின்னா. ரோட்டுக்குக் கயிறு பிடிச்சிருந்த எடத்துல, நட்ட நடுவுல, மூணு கல்லை வச்சா. சுள்ளியப் பத்த வச்சா. பானையில போட ஒண்ணுமில்ல, வெறுந்தண்ணிய ஊத்திக் கொதிக்க விட்டா.

"இந்தா என் அடுப்பு. எண்ணிக்கோ!"

அவன் உதைச்சான். இவ எடுத்து வச்சா. அவன் உதைக்க, இவ வைக்க. அவன் உதைக்க, இவ வைக்க. சுத்தி ஊரே சம்மட்டியோட நிக்குது. ஒருத்தன் அசையல. அசைஞ்சா கம்பு கெடைக்காதே! பாவிப் பயலுக.

கடைசியா உதைச்சதுல கொதிக்கிற தண்ணி பக்கத்துல நின்ன மக மேல கொட்டிருச்சு. அந்த மகதான் எங்க அம்மை. அவ சாகுற வரைக்கும் தொடையில அந்தத் தழும்பு இருந்துச்சு, தோலு சுருங்கி.

பிள்ளை அலறுனதுதான் தாமதம். நெருப்பாக் கெடந்த அடுப்புக் கல்லை வெறுங்கையில தூக்குனா முப்பிடாதி. கை வேகுது, விடல. கங்காணி மூஞ்சியில ஒரே போடு. மூக்கு நொறுங்கி, பல்லு தெறிச்சு, ரத்தமா ஊத்துது. அவன் ஆளுக கடப்பாரையோட ஓடி வந்தாக. அடிச்சாக, அடிச்சாக, விழுந்த பெறகும் அடிச்சாக. அடுப்பு மேலயே குப்புற விழுந்தா. தலைமுடி பத்தி எரிஞ்சுதாம்.

அந்தக் கோடியில கல்லுடைச்ச பலவேசம் கத்திக்கிட்டே ஓடி வாராரு. "அது அவ அடுப்புடா! டேய், அது அவ அடுப்பு!"

யாருக்கு வேணும் அந்த வார்த்தை அப்ப? அவ போய்ச் சேந்துட்டா.

கையில இருந்த சம்மட்டியக் கங்காணி மண்டையில எறக்குனாரு. திரும்பத் திரும்ப எறக்குனாரு. கடப்பாரைக்காரனுக எட்டுன பக்கம் ஓடிட்டானுக. அப்புறம் சம்மட்டியக் கீழ போட்டாரு. மூணு கல்லையும் ஒழுங்கா எடுத்து வச்சாரு. ஒக்காந்து ஊதி நெருப்பை எழுப்புனாரு. போலீஸ் வந்தப்ப, ரத்தக் கையோட சுள்ளிய ஒடிச்சு ஒடிச்சு வச்சுக்கிட்டு இருந்தாராம். "கூட்டிட்டுப் போங்க. அடுப்பை மட்டும் அணைக்காதீக"ன்னாராம்.

அவரைப் பின்னால தூக்குல போட்டுட்டாக.

அவரைப் போலீஸ் கூட்டிட்டுப் போன அன்னைக்குத்தான் நம்ம ஊருக்கு வெக்கம் வந்துச்சு. அடுப்பைச் சுத்தி ஒக்காந்துக்கிட்டு ஒருத்தனும் சம்மட்டியத் தொடல. பெரிய துரை குதிரையில வந்தாரு, மெரட்டுனாரு. அசையல. பட்டாளம் வரும்னாரு. வரட்டும்னாக. ரத்தம் காயாத மண்ணைப் பாத்தாரு, அந்த மூணு கல்லைப் பாத்தாரு. அடுப்புக் கணக்கு வேண்டாம், கையுள்ள ஆளுக்கெல்லாம் வேலை, பொம்பளைக்கும் வேலைன்னு உத்தரவு போட்டாரு. ரோடும் போட்டாக. ஆனா அந்த எடத்துல கல்லுப் பரத்த எவனுக்கும் கை வரல. அதான் கோடு கிழிச்சாப்ல வர்ற ரோடு இங்க மட்டும் வளையுது. உங்க வேன்காரன் திட்டுனானே, அதே வளைவுதான்.

அன்னையிலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணு, வீட்டுக்குள்ள கால் வைக்க முந்தி, இங்க தனக்குன்னு மூணு கல்லு வச்சுப் பத்த வைக்கணும். வீட்டுக்கு மூத்த ஆம்பள பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னாத்தான் அவ உள்ள வருவா. சொல்லாட்டி உங்க பொண்ணைத் தாராளமாக் கூட்டிட்டுப் போயிரலாம் சம்பந்தி, ஒருத்தரும் கேக்க மாட்டோம்.

இந்த வீட்டுக்கு இப்ப மூத்தவன் நாந்தான். அந்தா, பொக வருது. கையைப் பிடிச்சு எழுப்பி விடுங்க. பானை கொதிக்க முந்தி நான் போயிச் சொல்லணும்.

"ஏலே, எல்லாரும் கேட்டுக்கோங்க! இது அவ அடுப்பு!"