பெரட்டு நாடகம்

— முடியாதுன்னா முடியாது லா, லோகேஸ்வரி. வேன் கழுவுறேன், தள்ளி நில்லு. சேலையில தெறிக்கும்.

— தெறிக்கட்டும். கோயில் கமிட்டி செக்ரட்டரிய நனைச்சீங்கன்னு மினிட்ஸ்ல எழுதிடுவேன். பத்தே நிமிஷம் சிவநேசண்ணே. சிரிக்கிற மாதிரி ஒரு நாடகம். திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு.

— சிரிக்கணும்னா ஒங்க தலைவர ஒரு பாட்டுப் பாடச் சொல்லு.

— பாத்தீங்களா, வாயத் தொறந்தாலே வருது! தெனம் இந்த வேன்ல ரவாங் ஃபேக்டரிக்குப் போற பொண்ணுங்க சொல்லுதுங்க, எறங்குறப்ப வயிறு வலிக்குதாம்.

— அது ரோட்டுல இருக்கிற குழிக்கு.

— அண்ணே!

— பதினாலு பேர நேரத்துக்கு வேலையில கொண்டு போய் விடுறதுதான் லா என் வேல. எழுத்தெல்லாம் அந்தக் காலம். அம்பத்தஞ்சு வயசாச்சு, கேட்டியா.

— அந்தக் காலத்துல எத்தன நோட்டு எழுதினீங்க?

— பன்னெண்டு. எஸ்டேட்டுல ரப்பர் பால் வெட்டிட்டு வந்து, லயத்து வீட்டுல உக்காந்து எழுதுவேன். டிவிக்கு நகைச்சுவ எழுதணும், கடைசியில என் பேரு ஓடணும்னு அப்படி ஒரு வெறி. கோலாலம்பூர்ல ஒரு கம்பெனி, நேர்ல வாங்கன்னு கடுதாசியே போட்டிருந்தாங்க. எஸ்டேட் திருவிழாவுக்கு மறுநா வரணும்னு.

— ஏன் போகல?

— ஒனக்குத் தெரியாதா? நீயும்தான பாயில உக்காந்திருந்த.

— எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. ஒங்க வாயால சொல்லுங்க.

— சரி, கேளு. அந்தத் திருவிழா நாடகத்த, எங்கள வேல வாங்கின மண்டோர், ஒங்கப்பா நல்லசாமிய வச்சுத்தான் எழுதினேன். நம்ம லயத்து ரெங்கசாமிக்கு மண்டோர் வேஷம். விடியக்காலப் பெரட்டு சீனு. விசில் ஊதி ஆளுங்கள வரிசையில நிறுத்தி, பேரு கூப்பிட்டு, கடைசியில அந்தப் பக்கம் வந்த ஆட்டையும் புடிச்சு வச்சு, ஏன் லேட்டுன்னு கேப்பாரு.

— நல்லாத்தான இருக்கு.

— ஆடு வரைக்கும் போகலயே! ரெங்கசாமி மேடைக்கு வந்தான். ஒங்கப்பா மாதிரியே விசில் ஊதினான். அவ்வளவுதான். பாயில உக்காந்திருந்த சனம் மொத்தமா எந்திரிச்சு வரிசையில நின்னுருச்சு.

— கையில கச்சான் கடலைப் பொட்டலத்தோட. எங்கம்மாவும் நின்னாங்க.

— மால போட்டு முன்வரிசையில உக்கார வச்சிருந்த ஒங்கப்பா இருக்காரே, அவரும் சட்டப் பையில பேர் நோட்டத் தேடுறாரு! அப்புறம் சனம் ஒண்ணையொண்ணு பாத்துச்சு, உக்காந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆளு சிரிக்கல. ஆடு வந்துச்சு, ஆடும் சிரிக்கல. வெக்கமாப் போச்சு லா. மறுநா பஸ் ஏறல. அடுத்த வாரமே ரவாங்குக்கு வேலைக்கு ஓடிட்டேன்.

— அதான் ஒங்களுக்குத் தெரியல.

— என்ன தெரியல?

— அன்னிக்கு அப்பா சோத்தத் தொடல. "சாமி பாக்க வந்த எடத்துல கூட என் விசிலுக்குப் பயந்து நிக்குதுங்களே"ன்னு அம்மாகிட்டச் சொன்னாரு. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "நானும்தான் நின்னேன்"னாங்க... அண்ணே, தண்ணி ஓடுது. பைப்ப அடைங்க.

— ஓடட்டும். அப்புறம்?

— அப்புறம் அவரு பெரட்டுல விசிலே ஊதல. எஸ்டேட்ட விக்கிற வரைக்கும், வாப்பா, வாம்மான்னு வாயாலதான் கூப்பிட்டாரு. தொண்ட கட்டிக்கிட்டு வீட்டுக்கு வருவாரு.

— என் நாடகத்தாலயா?

— ஒங்க நாடகத்தாலதான்.

— முப்பது வருஷமா நான் தோத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன், லோகேஸு. யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

— நீங்க எங்க அந்தப் பக்கம் வந்தீங்க? இங்க புக்கிட் பெலிம்பிங்ல இருக்கீங்கன்னே வேன் பொண்ணுங்க சொல்லித்தான் தெரியும்.

— சரி... ஒரு மண்டோர். ரிட்டையராகி மக வீட்டுக்குப் போறாரு. பதினெட்டு மாடி ஃப்ளாட். காலையில லிஃப்டுக்கு நிக்கிற கூட்டத்தப் பாத்ததும் கை அரிக்குது. பெரட்டு எடுத்துடுறாரு. ஆபீஸ் போறவன், ஸ்கூல் பிள்ள, சாப்பாடு கொண்டாந்த மோட்டார்காரன், எல்லாத்தையும் வரிசையில நிறுத்திட்டாரு.

— நடுவுல லிஃப்டு வந்துட்டா?

— வரும். கதவு தொறக்கும். "வேலை நேரத்துல மேலயும் கீழயும் என்ன சுத்து?"ன்னு அதையும் புடிச்சுக்குவாரு.

— அண்ணே, நீங்க எழுதுறீங்க!

— எழுதுறேன்னு சொன்னேனா? ஒரு நோட்டு வாங்கணும்னு நெனச்சேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. ஒங்கப்பா முன்வரிசையில உக்காந்தா என்னால முடியாது, கேட்டியா. இன்னமும் பயம்.

— உக்கார மாட்டாரு.

— ஏன், ஒடம்பு முடியலயா?

— எம்பத்தி மூணு வயசுலயும் ஆளு கல்லு மாதிரி இருக்காரு. ஒங்களத் தேடிப் புடிக்கச் சொன்னதே அவருதான். நாடகத்துல அவருக்கு ஒரு வேஷம் வேணுமாம்.

— மண்டோர் வேஷமா? பிரமாதமா வரும் லா!

— அது வேணாமாம். விசில் ஊதினாலும் எந்திரிக்காம உக்காந்திருக்கிற ஆளு வேஷம்.