தொமித்தீலாவோட மூக்கு

அட, நில்லு தம்பி. குவாதலூப்பே மாதா மேல ஆணையாச் சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா இந்த மீசை நாளைக்குக் காலைல தலகாணியோட கெடக்கட்டும். அவசரப்பட்டு அந்த வீட்டுக்குப் போவாத. பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே ஒருத்தன் விடாம தொமித்தீலா வீடு எங்கன்னு கேக்கறீங்களே, ஊருல வேற டெக்கிலாச் சாராயமே இல்லியா? அவ பாட்டில்ல ஒரு சீட்டு கூட ஒட்டியிருக்காது. சட்டப்படி அத டெக்கிலான்னே சொல்லக்கூடாது.

யாரு சொன்னா நல்லாருக்கும்னு? பஸ் டிரைவரா? அவனுக்கு மண்ணெண்ணெயக் குடுத்தாலும் சப்புக்கொட்டுவான்.

ஒக்காரு, வெயில் எறங்கட்டும். எனக்கு எப்பிடித் தெரியுமா? இருபத்திரண்டு வருசம் அவ புருசன்யா நானு. கிரெசென்சியோ.

இந்தக் கையப் பாரு. கத்தாழை மடலச் சீவிச் சீவிக் காச்சுப்போன கையி. ஏழு வருசம் வளந்தத வெட்டி, அடிக்கட்டையக் கழுதை மேல ஏத்தி, குழியில வேக வெச்சி, நசுக்கி, ஊற வெச்சி, எல்லாம் நானு. அவ? அடுப்பு முன்னால முக்காலி போட்டு ஒக்காந்து, வடியறத மோந்து பாப்பா. மொதல்ல வர்றது தலவலி, கடைசில வர்றது நாத்தம், நடுவுல வர்றதுதான் சரக்கு. நடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அவ மூக்கு சொல்லும். ஒரு மூக்குக்கு அவ்ளோ திமிரு.

ஊர்த் திருவிழா அன்னிக்கி குவாதலஹாரா பட்டணத்துலேருந்து ஒரு ஓட்டல்காரன் எங்க வடிக்கிற அடுப்புக்கே வந்தான். குடிச்சிட்டு, இது யாரு கைப்பக்குவம்னான். என்னோடதுதான்னேன். தப்பா? அவ எந்திரிச்சு முக்காலிய எம்பக்கம் தள்ளி, அப்ப நீயே நடுவப் பிரிச்சுக் குடுய்யான்னா. ஊரே நிக்கிது. பாதிரியாரு வேற.

பிரிச்சேன். பிரிச்சேன்னு நெனச்சேன். ஓட்டல்காரன் ஒரு வாய் வெச்சான், எதுக்க மேஞ்ச கோழி மேல துப்பிட்டான்.

சிரிக்காத. ரெண்டு வருசமாச்சு, இன்னும் நான் சந்தைக்குள்ள போனா பொம்பளைங்க கொக்கரிக்கிறாளுங்க. உள்ள கூப்ட்டுத் திட்டியிருக்கலாம்ல? ஒரு அறை விட்டிருக்கலாம்ல? அன்னிக்கே என் துணிமணியத் தெருவுல வெச்சிட்டா. எனக்கு ரோசம் கெடையாதா? போடின்னுட்டு வந்துட்டேன்.

வேற சரக்கா? குடிச்சேனே. இந்தப் பள்ளத்தாக்குல வடிக்கிற அத்தன பேரோடதும் குடிச்சேன். எல்லாம் நான் பிரிச்ச மாதிரியே இருக்கு.

எனக்கு அவ விக்க மாட்டா. உள்ளூர்க்காரன அனுப்புனா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடறா. அதான் இங்க ஒக்காந்து வெளியூர் ஆளாப் புடிக்கிறேன். இதுவரைக்கும் எட்டு பேரு. எட்டும் அங்கயே குடிச்சு மட்டையாயிடுச்சுங்க, நன்றிகெட்ட ஜென்மங்க. நீ பாக்க நெதானமாத் தெரியற.

அந்தா, நீலக் கதவு. ரெண்டு பாட்டில் வாங்கு. ஒண்ணு எனக்கு, கதை சொன்ன கூலி. யாருக்குன்னு கேட்டா மாமனாருக்குன்னு சொல்லு. கல்யாணம் ஆவலியா? அவளுக்கென்ன தெரியும்? போ. அரை பாட்டிலோட மட்டும் வந்து நிக்காத, நான் என்ன பாதிக் கதையா சொன்னேன்?